செல்வி பேரில் திறந்த கதவு

லூர்துசெல்வியின் விரல்களில் ரேகை நிற்பதில்லை. பதினோரு வருடமாக ஆசிட்டிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறிய விரல்கள் அவை. வங்கியில் விரல் வைக்கச் சொன்னால் முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலு தரம் வைப்பாள். நாலு தரமும் கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஏதோ அவள் வேண்டுமென்றே ரேகையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது மாதிரி முறைப்பார். உழைத்துத் தேய்ந்த கைக்கு இந்த ஊரில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அவளுக்கு வேலை ஒயிட் டவுனில், பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கடற்கரைத் தெருக்களில். மஞ்சள் சுவரும் வெள்ளைக் கம்பி வைத்த ஜன்னலுமாக, சனி ஞாயிறானால் பெங்களூர்க்காரர்களும் ஹைதராபாத்காரர்களும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அந்த வீடுகளில். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு எடுத்து நாள் கணக்கில் விருந்தாளிகளுக்கு விடுகிற கம்பெனிகள் நிறைய முளைத்துவிட்டன. அதில் ஒன்று கோரல் ஸ்டேஸ். நாலு வில்லா, அதைக் கூட்டித் துடைத்துக் கழுவ ஐந்து பெண்கள்.

காலை பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் காலி செய்யும். மத்தியானம் இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நிற்கும். நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தில் நாலு வில்லாவையும் புதுசாக்க வேண்டும். படுக்கை விரிப்பை உதறினால் கடற்கரை மணல் ஒரு முறம் கொட்டும். சிவப்பு ஒயின் கொட்டின இடத்தில் உப்பைத் தூவி வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓட வேண்டும். பழைய சிவப்புத் தரையில் ஆசிட் பட்டால் வெளுத்துவிடும், அங்கே மண்டியிட்டுக் கையால்தான் தேய்க்க வேண்டும். ஐப்பசி மாதமானால் இன்னொரு தலைவலி. துவைத்த விரிப்பு காயாது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி நாற்காலியாகப் போட்டுக் காயவைத்து, ஈர வாசனை போக இஸ்திரி போட்டு, அதற்குள் வாசலில் மணி அடித்துவிடும்.

முன்பெல்லாம் அவள் இடுப்பில் நாலு வீட்டுச் சாவியும் கொத்தாகத் தொங்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு கம்பெனி சாவியை எல்லாம் பிடுங்கிக்கொண்டு கதவுகளில் கறுப்பாக ஒரு பூட்டைப் பொருத்தியது. செல்போனில் ஒரு ஆப். அதில் வில்லா பேரைத் தொட்டால் கதவு க்ளிக் என்று திறக்கும். பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம், சென்னையிலிருந்து தொட்டாலும் திறக்கும் என்றார் சூப்பர்வைசர் விஜயராகவன், தானே அதைக் கண்டுபிடித்தவர் போல.

அவர்தான் ஐந்து பேர் போனையும் வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டு ஆப்பை ஏற்றினார்.

"ஆளுக்கு ஒரு ஐடி. இதுதான் இனிமே ஒங்க சாவி. அது என்னென்னமோ கேக்கும். கேமரா வேணும், போட்டோ வேணும், நீ எங்க இருக்கன்னு பாக்கணும்னு. எல்லாத்துக்கும் அலவ் குடுத்துக்கிட்டே போ."

"யாங்க சார், கதவத் தொறக்க என் போட்டோ எதுக்கு?" என்று கேட்டாள் சின்னப்பொண்ணு.

"ஒன் மூஞ்சிய வச்சி அவன் என்னா பண்ணப்போறான்? குடும்மா."

ஒவ்வொருத்தியையும் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்து ஏற்றினார். பாஸ்வேர்டும் அவரே போட்டார். ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, கம்பெனி பேரும் ஒன்று இரண்டு மூன்றும். லூர்துசெல்வியின் போன், மகள் ஜோவிதா நாலு வருடம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது. அது விரல் வைத்தால் திறக்கிற போன். அவள் விரலுக்கு அது எங்கே திறக்கும்? கோடு போட்டுத் திறக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார்கள். சோப்புத் தண்ணீர் சொட்டுகிற கைக்கு அதுவும் மசியவில்லை. ஒரு நாள் விருந்தாளிகள் வெயிலில் நிற்க, அவள் வாசலில் போனைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் நிர்மலா மேடம் அன்றைக்குப் போட்ட கூச்சல் தெருமுனைக்குக் கேட்டது. மறுநாள் விஜயராகவன் போனை வாங்கி லாக்கையே எடுத்துவிட்டார்.

"ஒன் போனை யாரு எடுக்கப்போறா? எடுத்தவனே திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவான்" என்று சிரிக்கவும் செய்தார்.

அவளும் சிரித்தாள்.

வம்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ரோஸில் விருந்தாளி இல்லாத நாள். வில்லா ரோஸின் பின்கட்டில், காயாத விரிப்புகளுக்கு நடுவே, ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். லூர்துசெல்வி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். புருஷன் அமலநாதன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றுகிறவன், கருவாடு நல்லதாக அமையும். தவளக்குப்பத்திலிருந்து வருகிற சின்னப்பொண்ணு முருங்கைக்கீரைப் பொரியல் வைத்திருந்தாள். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே தட்டில் குழம்பையும் பொரியலையும் மாற்றிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். போன்கள் வழக்கம்போல் ஜன்னல் கட்டையில் கிடந்தன. அங்கே ஒரே ஒரு பிளக். முறை வைத்துச் சார்ஜ் போடுவார்கள். நடுவில் சின்னப்பொண்ணு எழுந்து, முறை மாற்றி போனைச் செருகிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தாள். அதை லூர்துசெல்வி கவனிக்கவே இல்லை. மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை நிர்மலா மேடம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். வில்லா மர்கரீத்தில் தங்கியிருந்த ஹைதராபாத்காரருடைய கைக்கடிகாரத்தைக் காணவில்லை. வெளிநாட்டுக் கடிகாரம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வெளியே சாப்பிடப் போன நேரத்தில் மேஜை மேலிருந்து போயிருக்கிறது.

மேடம் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"படிக்கத் தெரியுதா? ஒன்னு நாப்பத்தி ரெண்டு. வில்லா மர்கரீத். கதவு தொறந்தது. யார் பேரு போட்டிருக்கு?"

அவள் பேர் இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பேரை மட்டும் எந்தப் பாஷையில் எழுதினாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

"மேடம், ஒன்னே முக்காலுக்கு நாங்க அஞ்சு பேரும் ரோஸ் வில்லாவுல சோறு தின்னுக்கிட்டு இருந்தோம். மர்கரீத்துக்கு நேத்து எனக்கு வேலையே கெடயாது."

"அப்ப போன் பொய் சொல்லுதா?"

"போன் என்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது மேடம். நான் போவல."

"செல்வி, நீ பழைய ஆளு. அதுக்காகத்தான் போலீசுக்குப் போகாம ஒன்னக் கூப்பிட்டுப் பேசறேன். ஏதோ ஆசப்பட்டுட்ட. திருப்பிக் குடுத்துரு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வேலயிலேர்ந்து நின்னுக்க. கேஸு கீஸு ஒன்னும் வேணாம்."

தமிழிலேயே அடித்து வைத்திருந்தார்கள். விருந்தினரின் பொருளை எடுத்தது நான்தான், மன்னிக்க வேண்டும் என்று ஐந்து வரி. கீழே அவள் பேர், பக்கத்தில் கோடு. குற்றத்தை எழுதி, மன்னிப்பையும் எழுதி, கையெழுத்துக்கு இடமும் விட்டுவிட்டு அப்புறம்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் விருந்தாளிகள் தலையணைக்கு அடியில் மறந்துவிட்டுப் போன சங்கிலி எத்தனை, கழிவறையில் கழற்றி வைத்த மோதிரம் எத்தனை! எல்லாம் அவள் கையால் இதே மேஜைக்கு வந்தவை. அதற்கெல்லாம் எந்த லேப்டாப்பிலும் கணக்கு இல்லை.

"போடமாட்டேன் மேடம்" என்றாள்.

"யோசி. நாளைக்குப் பத்தரை வரைக்கும் டைம்."

விஜயராகவன் கதவோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தேங்காய்த்திட்டில் அவர்கள் சந்தில் கணுக்கால் தண்ணீர். அமலநாதன் ஐஸில் விறைத்த கையை அடுப்பருகே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லேப் டெக்னீசியன் படிக்கிற ஜோவிதா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாடி?"

ஜோவிதா போனை நீட்டினாள். கூடப் படிக்கிற பெண்ணின் அம்மா ஒரு ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிறவள். அவள் இருக்கிற குரூப்பில் வந்தது, அதை அந்தப் பெண் ஜோவிதாவுக்கு அனுப்பியிருந்தாள். ஊரில் ரூம் விடுகிறவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள், ஆள் பிடித்துவிடுகிறவர்கள் என்று இருநூறு பேருக்கு மேல் உள்ள குரூப். அதில் லூர்துசெல்வியின் போட்டோ. ஆப்பில் ஏற்றும்போது விஜயராகவன் எடுத்தாரே, வியர்வையோடு சுவரில் சாய்ந்து நின்ற அதே போட்டோ. கீழே, 'விருந்தினர் பொருள் திருட்டு. இவருக்கு வேலை தரும் முன் எச்சரிக்கை. கோரல் ஸ்டேஸ்.'

பத்தரை வரைக்கும் டைம் என்று சொன்னவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே சொல்லிவிட்டார்கள். லூர்துசெல்விக்கு முதலில் அழுகை வரவில்லை. போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள். உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது.

"எவ அவ?" என்று எழுந்தான் அமலநாதன். "எங்க இருக்குது அவ ஆபீஸு? இப்பவே போயி..."

"போயி? ஒன்னயும் போட்டோ எடுத்துப் போடுவாங்க. குந்து."

அவன் உட்கார்ந்தான்.

"செல்வி, நான் ஒன்னு சொல்றேன், கோவப்படாத. போலீசுன்னு போனா நம்மால ஆவாது. அவங்ககிட்ட கம்ப்யூட்டர்ல எழுத்து இருக்குது. நம்மகிட்ட என்னா இருக்குது? அந்தக் கையெழுத்தப் போட்டுட்டு வந்துரு. வேற வேல பாத்துக்கலாம்."

"வேற வேலயா?" அவள் திரும்பிய வேகத்தில் கரண்டி கீழே விழுந்தது. "எங்க இருக்குது வேற வேல? நான் பாக்குற வேலைக்குப் படிப்பா கேக்குறாங்க? ஊட்ட நம்பி வுட்டுட்டுப் போலாமா இவகிட்டன்னு ஒன்னே ஒன்னுதான் கேக்குறாங்க. அது போச்சுன்னா இந்த ஊர்ல எந்த ஊட்டுக் கதவு எனக்குத் தொறக்கும்? எடுக்காத பொருள எடுத்தேன்னு என் கையால எழுதிக் குடுக்கச் சொல்றியே, நீ என்னக் கட்டுனவனா அவளுக்கு வக்கீலா?"

"அம்மா, அப்ப அந்த நேரத்துல ஒம் போனை யாராவது எடுத்தாங்களா? லாக்கு வேற கெடயாது" என்றாள் ஜோவிதா.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைவு வந்தது. முறை மாற்றிச் சார்ஜ் போட எழுந்த சின்னப்பொண்ணு. ஜன்னல் பக்கம் அவள் முதுகு. எவ்வளவு நேரம் நின்றாள்? கை கழுவ அவ்வளவு நேரமா? நினைக்க நினைக்க அந்த முதுகு நகராமல் நின்றுகொண்டே இருந்தது.

"சின்னப்பொண்ணு எடுத்தா" என்றாள் மெதுவாக. "தொட்டது அவதான். அவ தங்கச்சி பிரசவச் செலவுக்கு முட்டிக்கிட்டுக் கெடக்குறா. தொட்டுத் தொறந்து வுட்டு, வெளிய எவனயாவது..."

அமலநாதன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா..."

"பாக்காமத்தானே அவங்களும் ஒன்னச் சொல்றாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் ஒரே தட்டில் தின்றவளைத் திருடியாக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதாள். யார்மேல் கோபம் என்று பிரிக்க முடியாத அழுகை அது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கலைவாணன் கடைக்குப் போனாள். பத்துக்கு ஆறு இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஆள். ஜோவிதாவுக்கு இந்தப் போனை விற்றவனே அவன்தான். ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தவன் முன்னால் போனை வைத்தாள்.

"கலை, இதுல கம்பெனி ஆப்பு ஒன்னு இருக்குது. அத வேரோட புடுங்கிக் குடு. வேலய வுட்டுட்டேன். அந்தச் சனியன் என் போன்ல இருக்கவே கூடாது."

"என்னாக்கா ஆச்சு?"

சொன்னாள். நின்றுகொண்டே, மார்க்கெட் ஜனம் கேட்கக் கேட்க, மூச்சு விடாமல் சொன்னாள். கலைவாணன் ஊதுவத்தியைச் செருகிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"குந்துக்கா. அழிக்காத. அழிச்சிட்டா தப்பு பண்ணவதான் அழிச்சான்னு அதயும் ஒம் மேலயே போடுவாங்க." ஆப்பைத் திறந்து எதையோ தேடினான். ஒரு இடத்தில் நின்றான். புருவத்தைச் சுருக்கினான். "யக்கா, ஒம் பேருக்கு எத்தன போன் இருக்குது?"

"இது ஒன்னுதான். ஏன்?"

"இங்க நாலு காட்டுது."

"நாலா?"

"ஒங்க ஐடி நாலு போன்ல ஓடிக்கிட்டு இருக்குது. ஒன்னு இது. ஒன்னு விஜின்னு இருக்குது. ஒன்னு கலியபெருமாள் ஏசி. இன்னொன்னு நிர்மலா." அவளைப் பார்த்தான். "யாரு இவங்கெல்லாம்?"

லூர்துசெல்விக்கு மூன்று பேரையும் தெரியும். விஜி என்றால் விஜயராகவன். கலியபெருமாள் ஏசி ரிப்பேருக்கு வருகிறவர். நிர்மலா யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"இவங்க கதவத் தொறந்தா அங்க என்னான்னு காட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம் பேருதான் காட்டும். பாஸ்வேர்டு தெரிஞ்சவன் எவன் தொறந்தாலும் லூர்துசெல்வி தொறந்தான்னுதான் வரும். ஆனா எந்தப் போன்லேர்ந்து தொறந்ததுன்னு அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். அந்த வரிய ஒரு தட்டு தட்டுனா கீழ விரியும். போயி தட்டச் சொல்லு. யக்கா, நாலு போனும் காட்டுற அந்த இடத்த ஒரு போட்டோ எடுத்து ஒம் பொண்ணு போனுக்கும் அனுப்பிட்டேன். நாளைக்கு அவங்க அழிச்சிட்டாலும் இது இருக்கும்."

அவன் காசு வாங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் லூர்துசெல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் புடவையை யாரோ எடுத்து உடுத்திக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அழுக்கை மட்டும் அவள்மேல் எறிந்த மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக, அவள் தூங்கும்போதும், மாதா கோயில் பூசையில் முட்டி போட்டிருக்கும்போதும், அவள் பேர் போய் யார் யாருக்கோ கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஆபீஸ் வாசலில் மற்ற நாலு பேரும் நின்றிருந்தார்கள். சின்னப்பொண்ணு ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"யக்கா, நாங்க அஞ்சு பேரும் ஒன்னாத்தான் சோறு தின்னோம்னு சொல்லத்தான் நிக்கிறோம். வேல போனா போவுது."

லூர்துசெல்வியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன, கூட்டமா வந்திருக்கீங்க?" என்றார் நிர்மலா மேடம். பேப்பர் அதே இடத்தில் இருந்தது. மேலே ஒரு பேனாவும் வைத்திருந்தார்கள்.

"மேடம், நேத்து காட்டுனீங்களே ஒரு வரி, அதத் திரும்பக் காட்டுங்க."

"அதுல பாக்க என்ன இருக்கு? சும்மா டைம வேஸ்ட் பண்ணாத."

"காட்டுங்க மேடம். நேத்து நீங்க கூப்பிட்டுக் காட்டுனீங்க, நான் பாத்தேன். இன்னிக்கு நான் கேக்குறேன், காட்டுங்க."

அவள் குரல் உயரவில்லை. அதனாலோ என்னவோ மேடம் லேப்டாப்பைத் திருப்பினார். ஒன்று நாற்பத்திரண்டு. அவள் பேர்.

"அந்த வரி மேல ஒரு தட்டு தட்டுங்க."

"எதுக்கு?"

"எந்தப் போன்லேர்ந்து தொறந்ததுன்னு கீழ வருமாம். என் பேருல நாலு போன் ஓடுது மேடம். ஒன்னு என்னுது. ஒன்னு சாரோடது. ஒன்னு ஏசிக்காரரோடது. ஒன்னு ஒங்களுது."

விஜயராகவன் "மேடம், அது வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நிர்மலா மேடம் அவரைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். இரண்டு வருடமாக தினமும் பார்க்கிற திரை. அந்த வரியை அவர் ஒரு நாளும் தட்டியதில்லை, பேரைப் பார்த்ததுமே போதுமாக இருந்திருக்கிறது. தட்டினார். வரி விரிந்தது. அதில் இங்கிலீஷில் இருந்த பேர் லூர்துசெல்விக்குப் படிக்கத் தெரியவில்லை. மேடத்தின் முகத்திலிருந்து படித்துக்கொண்டாள்.

"என்னா மேடம் போட்டிருக்குது? சத்தமாப் படிங்க."

"இது... அன்னிக்கு ஏசி தண்ணி ஒழுகுதுன்னு கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பண்ணாங்க. கலியபெருமாள் வாசல்ல நின்னுக்கிட்டு, அவன் போன்ல நெட் இல்லன்னு கூப்பிட்டான். நான் டிரைவிங்ல இருந்தேன். என் போன்லேர்ந்து..." நெற்றியைத் தேய்த்தார். "ஒரு நாளைக்குப் பத்து தடவ தொறக்கறேன். ஞாபகமே இல்ல."

"ஒங்க போனுக்கு என் பேரு எப்படி வந்துச்சு?"

இதற்கு விஜயராகவன்தான் பதில் சொன்னார். தரையைப் பார்த்தபடி, பூட்டுக் கம்பெனிக்காரன் ஐடிக்கு ஐடி மாதக் கட்டணம் கேட்கிறான் என்றார். மொத்தம் பதினைந்து பேருக்கு வேண்டியிருந்தது. சிக்கனமாக ஐந்து மட்டும் வாங்கி, எல்லோரும் பகிர்ந்துகொண்டார்களாம்.

"மேடத்துக்கும் எனக்கும் ஒன் ஐடி. அவசரத்துக்கு வர்ற ஆளுங்களுக்கும் அதையே குடுத்துட்டேன். ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேன்மா."

"ஒங்க பேருல ஒன்னு வாங்கி எங்களுக்குக் குடுத்திருக்கலாமே சார்? ஒன்னும் ஆவாதுன்னா ஒங்க பேருக்கு ஒன்னும் ஆவாம இருந்திருக்கட்டுமே! அது தோணலல்ல?" இப்போது அவள் குரல் உயர்ந்தது. "முன்ன இடுப்புல சாவிக் கொத்து வச்சிருந்தேன். ஒருத்தர்கிட்ட குடுத்தா, குடுத்தேன்னு எனக்குத் தெரியும். நீங்க என் பேரையே சாவியாக்கி ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. திருடு போனப்ப மட்டும் அது என் பேருன்னு ஞாபகம் வந்துருச்சு!"

நிர்மலா மேடம் பேப்பரை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"சரி செல்வி. மிஸ்டேக் ஆயிருச்சு. வுட்டுரு. அந்தக் கலியபெருமாள் பயல நான் பாத்துக்கறேன், அவன்தான் எடுத்திருப்பான். நீ போயி வேலயப் பாரு. ரோஸ்ல செக்-இன் இருக்கு."

"அவரயும் அப்படிச் சொல்லாதீங்க மேடம். வெசாரிச்சிட்டுச் சொல்லுங்க. நேத்து என்னயும் வெசாரிக்காமத்தானே சொன்னீங்க."

அந்தக் கடிகாரம் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். தெரியாது. கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். ஒரு மனுஷியின் பேர் தொலைந்து கிடந்த அறையில் கடிகாரத்தைப் பற்றிக் கேட்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

"குரூப்புல போட்டீங்களே, அதுக்கு என்னா?" என்றாள் லூர்துசெல்வி.

"அத இப்பவே டெலிட் பண்ணிடறேன்." மேடம் போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். "பாரு, போயிருச்சு. யாருக்கும் தெரியாது."

"எரநூறு பேரு பாத்துட்டாங்க மேடம். அவங்க கண்ணுலேர்ந்து எப்படி டெலிட் பண்ணுவீங்க? என் பொண்ணு கூடப் படிக்கிறவ பாத்துட்டா. எந்த இடத்துல போட்டீங்களோ அங்கயே சொல்லுங்க, தப்பு ஒங்களுதுன்னு."

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ அடித்து அனுப்பினார். கூட வந்த நாலு பேரில் ஒருத்தி எட்டிப் பார்த்துப் படித்தாள். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக முந்தைய பதிவு நீக்கப்பட்டது என்றிருந்தது.

"கோளாறு எங்க இருக்குது? தொறன்னு சொன்னீங்க, அது தொறந்துச்சு. பூட்டு ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்குது."

"பின்ன என்னதான் எழுதச் சொல்ற? நீயே போட்டுக்கோ!" போனை மேஜைமேல் தள்ளினார். "நீயே எழுது, போ!"

கோபத்தில் சொன்ன வார்த்தை. லூர்துசெல்வி அதை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். அவளுக்குப் போனில் எழுத்து அடிக்க வராது, பேச வரும். பேசி அனுப்புகிற அந்த மைக் படம் எங்கே இருக்கிறது என்று தெரியும், தினமும் ஜோவிதாவுக்கு அனுப்புகிறாளே. கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்தாள். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார், ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

"நான் லூர்துசெல்வி பேசுறேன், தேங்காய்த்திட்டு. நேத்து இந்தக் குரூப்புல என் போட்டோவப் போட்டுத் திருடின்னு எழுதுனாங்க. அந்தக் கதவ நான் தொறக்கல. நிர்மலா மேடம் அவங்க போன்லேர்ந்து என் பேருல தொறந்தாங்க. அத அவங்க கம்ப்யூட்டரே காட்டுது. பதினஞ்சு பேரு வேலைக்கு அஞ்சு பேரு பேர வாங்கிப் பங்கு போட்டுக்கிட்டாங்க. இப்ப நான் பேசுறதும் அவங்க போன்லேர்ந்துதான். மேடம் என் எதுருலதான் நிக்கிறாங்க. நான் சொன்னது பொய்யின்னா, பொய்யின்னு இப்பவே சொல்லட்டும்."

விரலை எடுக்காமல் போனை மேடத்தின் வாய்க்கு நேராக நீட்டினாள். வெளியே எங்கோ ஆட்டோ ஹாரன் கேட்டது. மின்விசிறி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. நிர்மலா மேடம் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் முழுசாகப் பிடித்துக்கொண்டு, லூர்துசெல்வி விரலை எடுத்தாள். செய்தி போய்ச் சேர்ந்தது.

போனை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலை நோக்கித் திரும்பினாள். சின்னப்பொண்ணு மட்டும் திரும்பவில்லை. இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து, கிழித்துப் போட்ட பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம், என் பேரு எத்தன போன்ல இருக்குது?"